கரண்டு ரூம்ல 11 வருஷம்

கேன்சருக்கு கதிர் வச்சு பண்ற வைத்தியத்த எங்க பக்கம் ரேடியேஷன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கரண்டு வைக்கிறதுன்னுதான் பேரு. "அண்ணாச்சிக்கு கரண்டு வச்சுட்டு இருக்காங்க", "அத்தைக்கு 25 கரண்டு முடிஞ்சுட்டு, இன்னும் உள்ள வைக்கிற கரண்டு பாக்கி இருக்கு" இப்படித்தான் பேசிக்குவாங்க. உள்ள வைக்கிறதுன்னா கதிர் வர்ற பொருள ஒடம்புக்குள்ளயே வச்சு குடுக்குறது. நான் அந்த கரண்டு வைக்கிற ஆளு. ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். ஆஸ்பத்திரில யாரும் அப்படி கூப்பிட மாட்டாங்க, பேஷன்ட் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான், நர்ஸ் இல்லம்மா நான்னு ஆரம்பத்துல சொல்லிப் பாத்தேன், அப்புறம் விட்டுட்டேன். தென்மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரில வேலை, இந்த வருஷத்தோட 11 வருஷம் முடியுது. இந்த படிப்பு படிக்கிற தம்பி தங்கச்சிங்களும் வீட்டுல யாருக்காவது கரண்டு ஆரம்பிக்கப் போறவங்களும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, "நீங்க உள்ள என்னதான் பண்றீங்க, பட்டன அமுக்குறது மட்டும்தானே?" அதுக்குத்தான் இது.

பட்டன் அமுக்குறதும் உண்டு, இல்லன்னு சொல்லல. எவ்வளவு டோஸ், எத்தன நாள், எந்த இடம்னு முடிவு பண்றது ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட், கரண்டு வைத்தியம் பாக்குற கேன்சர் டாக்டர். அந்த டோஸ் கட்டிக்குள்ள முழுசா போகணும், பக்கத்துல இருக்குற தண்டுவடம், எச்சில் சுரப்பி, குடல் மேல குறைச்சலா படணும்னு கம்ப்யூட்டர்ல பிளான் போடுறது மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். ஆனா அந்த பிளான் எல்லாமே ஒரு நாள் எடுத்த ஒரு சிடி ஸ்கேன் மேல போட்டது. அந்த ஒரு நாள் பேஷன்ட் எப்படி படுத்திருந்தாரோ அதே மாதிரி, தோள் அதே மாதிரி, தாடை அதே மாதிரி, மூத்திரப்பை கூட ஏறக்குறைய அதே அளவு நெறஞ்சு, 30 நாளோ 35 நாளோ படுக்க வைக்கணும். இது எங்க வேலை. மெஷினுக்கு யாரு படுத்திருக்காங்கன்னு தெரியாது. தலையணையப் படுக்க வச்சாலும் அதே டோஸ அதே இடத்துல குடுத்துட்டு போயிரும்.

காலைல 7 மணிக்கு முன்னாடியே வந்துருவோம். லீனாக்க, அதான் கரண்டு வைக்கிற மெஷின, வார்ம் அப்ல போட்டுட்டு சுவத்துல இருந்து வர்ற லேசர் கோடுங்க மூணும் ஒரே புள்ளில சேருதான்னு பாக்கணும், 2 மில்லிமீட்டருக்கு மேல தள்ளி இருந்தா ஃபிசிசிஸ்ட்ட கூப்பிடணும். கதவத் தொறந்தா பீம், அதாவது மெஷின்ல இருந்து வர்ற கதிர், நிக்குதா, கேமராவும் மைக்கும் வேலை செய்யுதா, மெஷின் குடுக்குற டோஸ் 3 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பாத்து நோட்டுல எழுதி கையெழுத்து போட்டப்புறம்தான் முதல் பேஷன்ட். இது தினமும் பண்றதால சில பேரு நேத்து எழுதினதையே இன்னிக்கும் எழுதி வச்சிருவாங்க. நானும் முதல் வருஷத்துல ஒரு தடவ பண்ணிருக்கேன், அன்னிக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த பேஜ் இப்பவும் அந்த பழைய நோட்டுல என் கையெழுத்தோட இருக்கு, நெனச்சா கூசும்.

மாஸ்க் பத்தி சொல்றேன். தொண்டை, வாய், மூளைல கட்டி இருக்குறவங்களுக்கு ஒரு வலை மாதிரி பிளாஸ்டிக் ஷீட்ட சுமார் 70 டிகிரி தண்ணில போட்டா அப்பளம் ஊறுன மாதிரி தொளதொளன்னு ஆயிரும், எடுத்து துண்டுல ஒத்தி, சூடு பாத்துட்டு மொகத்து மேல இழுத்து டேபிள்ல பூட்டுவோம், சில நிமிஷத்துல இறுகி மொகத்தோட அச்சா நின்னுரும். அந்த சில நிமிஷம் பேஷன்ட் எச்சில் முழுங்கலாம், மூச்சு விடலாம், பேச மட்டும் கூடாது. பயந்து போற ஆளுங்க நெறைய. நான் முதல்லயே அவங்க கைல அந்த ஷீட்ட காஞ்சபடியே குடுத்துருவேன், தொட்டுப் பாருங்கய்யா, ஓட்டை எல்லாம் இருக்கு பாருங்க, இதுக்குள்ள மூச்சு முட்டாதுன்னு. பாதி பயம் அதுலயே போயிரும். மாஸ்க் போடுறதுக்கு முன்னாடியே தாடிய எடுத்துருங்க, தலைமுடி வெட்டணும்னா அன்னிக்கே வெட்டிட்டு வந்துருங்கன்னு சொல்றது ஃபார்மாலிட்டி இல்ல. எங்ககிட்ட மூளைல கட்டியோட ஒருத்தர் வந்தாரு, நல்ல அடர்த்தியான முடி, 12 நாள் முடிஞ்சது, திங்கக்கிழமை வந்தாரு மொட்டையோட. பழனிக்கு வேண்டுதலாம். மாஸ்க்க போட்டா உள்ள தலை ஆடுது. அவரு மேல கோவப்பட முடியுமா, சாமிக்கு நேந்துகிட்டது இந்த கட்டி கரையணும்னுதானே. நாங்கதான் "மொட்டை போட்டுராதீங்க"ன்னு சொல்லணும்னு யோசிக்கல. அன்னிக்கு ட்ரீட்மென்ட் நின்னு, புது மாஸ்க், புது ஸ்கேன், புது பிளான், மூணு நாள் போச்சு. அதுல இருந்து நான் மாஸ்க் செய்யுற மோல்ட் ரூம்லயே கேட்டுருவேன், கோயிலுக்கு முடி காணிக்கை பாக்கி ஏதாவது இருக்கா, இருந்தா இப்பவே குடுத்துருங்க, இல்லன்னா முடிஞ்சப்புறம் குடுக்கலாம், சாமி காத்திருக்கும்.

மாஸ்க் இல்லாதவங்களுக்கு ஒடம்புல மார்க். சின்ன புள்ளியா பச்சை குத்துறதும் உண்டு, பல பேருக்கு மார்க்கர்ல கோடு போட்டு விடுறதும் உண்டு. அந்த கோடுதான் லேசரோட சேரணும். சோப்பு போடாதீங்க, தேய்க்காதீங்க, தண்ணி மட்டும் ஊத்துங்க, மெல்லிசா பருத்தித் துணி போடுங்கன்னு சொல்லி அனுப்புவோம், எல்லாம் சரியாத்தான் போகும், தீபாவளி வர்ற வரைக்கும். தீபாவளிக்கு மறுநாள் எங்க டிபார்ட்மென்ட்ட வந்து பாருங்க, எண்ணெய் தேச்சு சீயக்காய் போட்டு குளிச்சு, கோடு ஒண்ணும் இல்லாம பளிச்சுன்னு உக்காந்திருப்பாங்க. ஒரு பாட்டி, 70 வயசு இருக்கும், "மூஞ்சில வரைஞ்சத அழிக்கக் கூடாதுன்னீங்க, இது வயித்துலதானே தாயி"ன்னுச்சு. நாம சொன்னது அவங்களுக்கு எப்படி போய் சேந்திருக்குன்னு அப்பத்தான் தெரியும். இப்ப பொங்கல், தீபாவளி, அப்புறம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ளவங்க, எல்லாருக்கும் முந்தின நாளே தனியா சொல்லிருவேன், கோடு மங்குற மாதிரி இருந்தா நீங்களா பேனா வச்சு மேல வரையாதீங்கன்னும் சொல்லுவேன். அதையும் பண்ணவரு ஒருத்தர் இருக்காரு, ரீஃபில் பேனால, ஸ்கேல் வச்சு, எங்கள விட நேரா. என்ன, ஒரு சென்டிமீட்டர் கீழ.

இப்ப நான் சொல்லணும்னு நெனச்ச விஷயத்துக்கு வர்றேன். நான் சேந்து ரெண்டாவது வருஷம், அன்னிக்கு லிஸ்ட்ல 60 பேருக்கு மேல, காலைல ஒரு மணி நேரம் மெஷின் வேற நின்னு போயி வெளிய ஒரே கூட்டம். நான் வாசல்ல நின்னு "லட்சுமி" அப்படின்னேன். ஒரு அம்மா எழுந்து வந்தாங்க. "லட்சுமியாம்மா?" "ஆமா." உள்ள கூட்டிட்டுப் போயி படுக்க வச்சோம். கர்ப்பப்பை வாய் கேஸ், மாஸ்க் கிடையாது, இடுப்புல மூணு மார்க். லேசர போட்டா நடு மார்க் சேருது, ரெண்டு பக்கமும் சேரல, மூணு சென்டிமீட்டர் கிட்ட மேல நிக்குது. எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஒடம்பு எளைச்சிருப்பாங்க, இல்ல மார்க் அழிஞ்சு யாரோ திருப்பி தப்பா போட்டிருக்காங்க. சத்தியமா சொல்றேன், மார்க்கர் என் கைல இருந்துச்சு, புது கோடு போட்டுறலாம்னு மூடியக் கழட்டிட்டேன். என் கூட நின்ன சீனியர் அண்ணன் டேபிள் ஒசரத்த பாத்தாரு, நேத்து எழுதினதுக்கும் இதுக்கும் ஒத்து வரல, அப்படியே குனிஞ்சு "அம்மா உங்க வீட்டுக்காரர் பேரு என்ன"ன்னாரு. அந்த அம்மா சொன்ன பேரு ஃபைல்ல இல்ல. எங்க லிஸ்ட்ல அன்னிக்கு ரெண்டு லட்சுமி. ரெண்டு பேருக்கும் அதே வியாதி, கிட்டத்தட்ட அதே வயசு. எங்க லட்சுமி தண்ணி குடிச்சுட்டு வெளிய நடந்துகிட்டு இருந்தாங்க.

பீம் போகல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கு சாயங்காலம் நான் சாப்பிடல. நான் கேட்ட கேள்வியே தப்பு. "லட்சுமியா?"ன்னா யாரா இருந்தாலும் ஆமாம்னுதான் சொல்லுவாங்க, காது சரியா கேக்காதவங்களும் சொல்லுவாங்க, சீக்கிரம் முடிச்சு பஸ்ஸ புடிக்கணும்னு நெனக்கிறவங்களும் சொல்லுவாங்க. டாக்டர், சிஸ்டர் கேட்டா ஆமாம்னு சொல்லி வளந்த ஜனம் நாம. அதனால இப்ப நான் பேரச் சொல்றதே இல்ல, அவங்க வாயால சொல்ல வைப்பேன், உங்க பேரு என்ன, வீட்டுக்காரர் பேரு இல்ல அப்பா பேரு என்ன, எந்த ஊரு, எந்த எடத்துல கரண்டு வைக்கிறோம். அப்புறம் ஸ்கிரீன்ல இருக்குற போட்டோ. 25 நாள் பாத்து பழகின ஆளா இருந்தாலும் கேப்பேன், "என்ன தாயி தெனமும் கேக்குற, மறந்துட்டியா"ன்னு கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும். இன்னொண்ணு, மார்க் சேரலன்னா மார்க்கரத் தொடவே கூடாது. முதல்ல ஆளு சரியா, அப்புறம் ஃபைல் சரியா, அப்புறம் படுத்திருக்குறது சரியா, இதெல்லாம் பாத்தப்புறம்தான் கோடு. புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்குற முதல் பாடம் இதுதான், என் கதையாவே சொல்லிருவேன், இன்னொருத்தர் பண்ண மாதிரி சொன்னா அவங்க மண்டைல நிக்காது.

இடுப்பு கேஸ்ல இன்னொரு கொடுமை தண்ணி. மூத்திரம் போயிட்டு வந்து அரை லிட்டர் தண்ணி குடிச்சுட்டு முக்கால் மணி நேரம் அடக்கிகிட்டு இருக்கணும், பை நெறஞ்சா குடல் மேல தள்ளிப் போகும், குடல் மேல டோஸ் குறையும், வயித்தால போறதும் குறையும். இத இப்படி புரியுற மாதிரி சொன்னா பேஷன்ட் ஒழுங்கா பண்ணுவாங்க, "தண்ணி குடிச்சிட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னா ரெண்டு மடக்கு குடிச்சுட்டு வருவாங்க. பிரச்சனை எங்க வருதுன்னா, நாலு பேரு தண்ணி குடிச்சு ரெடியா இருக்குறப்போ மெஷின் எரர் காட்டி நின்னுரும். கன்சோல் முன்னாடி நாங்க இன்ஜினியருக்கு போன் போட்டுட்டு இருப்போம், வெளிய அவங்க நெளிஞ்சுகிட்டு இருப்பாங்க, ஒரு வார்த்தை போயி சொல்ல ஆளு இருக்காது. 65 வயசு அம்மா ஒருத்தங்க அடக்க முடியாம சேலையிலயே போயிட்டு அழுதாங்க. மெஷின் ரிப்பேர் எங்க கைல இல்ல, ஆனா மெஷின் நின்ன உடனே முதல் வேலையா வெளிய போயி "போயிட்டு வந்துருங்க, திரும்ப எப்ப குடிக்கணும்னு நான் வந்து சொல்றேன்"ன்னு சொல்றது எங்க கைலதானே இருந்துச்சு.

மார்பு கேஸ்ல தாலி. கழட்டணும்னு சொன்னா சில பேருக்கு கட்டியச் சொன்னப்போ வந்ததவிட பெரிய அதிர்ச்சியா இருக்கும். டோஸ் போற எடத்துல செயின் கெடந்தா தோல் அங்க கூடுதலா பொசுங்கும், ஸ்கேன்ல வேற வெள்ளை வெள்ளையா கோடு அடிக்கும். நான் கட்டாயப்படுத்துறதில்ல, மஞ்சக் கயிறு மாத்திட்டு வாங்க, கழட்டாமலே அத அந்தப் பக்கம் ஒதுக்கி ஒட்டி வச்சுக்கலாமான்னு பாக்கலாம்பேன், பெரும்பாலும் வழி கெடைக்கும். அப்புறம், அவங்க மேல் துணி இல்லாம கைய தலைக்கு மேல தூக்கிட்டு படுத்திருக்குறப்போ கதவ சும்மா சும்மா தொறக்கக் கூடாது, செட்டப் முடிஞ்ச அடுத்த நொடி துணியப் போட்டு மூடணும், ஆம்பள ஸ்டாஃப் மட்டும் தனியா உள்ள இருக்கக் கூடாது. இதெல்லாம் எந்த பரீட்சைலயும் எனக்கு வந்ததில்ல.

டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் ரிவ்யூல பாப்பாரு. நாங்க வாரத்துக்கு அஞ்சு நாள் பாக்குறோம். அதனால மாத்தம் முதல்ல எங்க கண்ணுலதான் படணும். வேட்டிய இறுக்கிக் கட்டுறாரு, மாஸ்க்ல கன்னத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல விரல் போகுது, பேச்சு கொளகொளன்னு ஆயிட்டு, நேத்து வரைக்கும் இட்லி எறங்குதுன்னவரு இன்னிக்கு கஞ்சிங்கறாரு. தொண்டை கேஸ்ல மூணாவது வாரத்துல வாய் புண்ணாகும், காரம் பட்டா உயிர் போகும், சாப்பாடு நிக்கும், ஒடம்பு எளைக்கும், மாஸ்க் லூஸாகும், பிளான் தப்பும். இது ஒண்ணுக்குள்ள ஒண்ணு. தோள் பட்டைய சரி பண்றப்பவே "என்ன சாப்ட்டீங்கய்யா"ன்னு கேட்டுருவேன். "சாப்ட்டேன்"ன்னா விட மாட்டேன், என்ன, எத்தன. அண்ணாச்சி ஒருத்தரு, டீக்கடை வச்சிருந்தவரு, தெனமும் நாலு இட்லின்னு கணக்கா சொல்லிட்டு இருந்தாரு, அவரு மகன் வெளிய என்கிட்ட "அக்கா, நாலு நாளா பால்தான்"ங்கறான். மூக்கு வழியா டியூப் போட்டுருவாங்கன்னு பயந்து பொய். டாக்டர்கிட்ட அன்னிக்கே எழுதி அனுப்பி, டியூப் போட்டு, எட்டாவது நாள் அவரே வந்து சொன்னாரு, "மொதல்லயே போட்டுருக்கலாம் போல தாயி."

நடுவுல நாள் விடுறது பெரிய தப்பு, குறிப்பா தொண்டை, கர்ப்பப்பை வாய் கேஸ்ல. கட்டில மிச்சம் இருக்குற செல்லு நாலாவது வாரம் கிட்ட இன்னும் வேகமா பெருக ஆரம்பிக்கும், நாம விடுற ஒவ்வொரு நாளும் அதுக்கு லாபம். பேஷன்ட் நெனக்கிறது மருந்து கோர்ஸ் மாதிரி, 33 தானே, எப்ப முடிஞ்சா என்னன்னு. மார்புக்கு இப்ப பல எடத்துல 15 நாள்லயே 40 கிரே டோஸ் (கிரேங்கறது டோஸோட அளவு) குடுத்து முடிச்சுடுறாங்க, அது தூரத்துல இருந்து வர்ற பொம்பளைங்களுக்கு எவ்வளவு பெரிய ஒதவின்னு பஸ் டிக்கெட் எண்ணுறவங்களுக்குத்தான் தெரியும். ரயில்ல வர்றவங்க ஆஸ்பத்திரில ஃபார்ம் வாங்கி கன்செஷன் எடுக்கலாம்ங்கறது கூட பாதி பேருக்கு தெரியாது, கேளுங்க, கூட வர்ற ஒருத்தருக்கும் உண்டு.

எல்லாரும் என்கிட்ட ரகசியமா கேக்குறது ஒண்ணு இருக்கு. "உனக்கு ஒண்ணும் ஆகாதா?" பொண்ணு பாக்க வந்தப்போ மாப்பிள்ளையோட சித்தி எங்க அம்மாவ அடுப்படிக்கு கூட்டிட்டுப் போயி கொழந்த பொறக்குமான்னு கேட்டாங்க. பீம் ஓடுறப்போ பேஷன்ட்ட தவிர யாரும் உள்ள கிடையாது, ஒரு ஆளு ஒசரத்தவிட தடிமனான கான்கிரீட் சுவரு நடுவுல இருக்கு, லீனாக்க நிறுத்தினா கதிரும் நின்னுரும், லைட்ட அணைச்ச மாதிரி. எங்க மேல பட்ட கதிர அளக்குற டிஎல்டி பேட்ஜ நெஞ்சுல குத்திக்கிறோம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங் வரும். எங்களுக்கு அஞ்சு வருஷத்துல 100 மில்லி சீவர்ட் (ஒடம்புல பட்ட கதிரோட அளவு), எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐ தாண்டக் கூடாதுன்னு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வச்சிருக்கு. சும்மா பூமில வாழ்றதுக்கே உலக சராசரி வருஷத்துக்கு 2.4 கெடைக்குது, என் ரீடிங் அதக் கூடத் தொட்டதில்ல. கர்ப்பமானப்போ தெரிஞ்ச அன்னிக்கே ஆர்எஸ்ஓகிட்ட, அதாவது கதிர் பாதுகாப்பு அதிகாரிகிட்ட, சொன்னேன், வயித்துல இருக்குற புள்ளைக்கு 1 மில்லி சீவர்ட்தான் எல்லை, என்னைய பிளானிங் பக்கம் மாத்திட்டாங்க. பையன் இப்ப ரெண்டாவது படிக்கிறான். பேஷன்ட்டுக்கும் இதையேதான் சொல்றது, வெளிய இருந்து வைக்கிற கரண்டு ஒடம்புல தங்காது, பேரப்புள்ளைய தூக்கலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம், தனி ரூம் வேணாம். இத வீட்டு ஆளுங்க முன்னாடி சொல்லணும், பேஷன்ட்கிட்ட மட்டும் சொன்னா போதாது.

கோபால்ட் மெஷின் வேற மாதிரி. நான் இன்டர்ன்ஷிப் பண்ண எடத்துல அதுதான். அதுல உள்ள இருக்குற சோர்ஸ், கதிர் வர்ற கோபால்ட் துண்டு, எப்பவுமே உயிரோட இருக்கும், நாம மூடித் தொறக்குறது மட்டும்தான். மாசத்துக்கு சுமார் 1 சதவீதம் வலு குறையும், 5.27 வருஷத்துல பாதி, அதனால சோர்ஸ் பழசாக பழசாக ஒரே டோஸுக்கு பேஷன்ட் படுத்துக் கெடக்குற நேரம் நீளும். சோர்ஸ் உள்ள போகாம சிக்கிக்கிட்டா என்ன பண்றதுன்னு டிரில் வைப்பாங்க, முதல்ல பேஷன்ட்ட எறக்கி வெளிய கொண்டு வா, மெஷின்கூட அப்புறம் சண்டை போடு, டி ராடு வச்சு சோர்ஸ உள்ள தள்ளுறப்போ பீம் முன்னாடி நிக்காத. நெசமா ஒரு நாளும் சிக்கல. ஆனா அந்த ராடு எந்த மூலைல மாட்டியிருந்துச்சுன்னு இப்ப கண்ண மூடிக்கிட்டு கேட்டாலும் சொல்லுவேன்.

படிக்கணும்னு கேக்குறவங்களுக்கு, பிளஸ் டூல சயின்ஸ் எடுத்துட்டு பிஎஸ்சி ரேடியோதெரபி டெக்னாலஜி, மூணு வருஷம், மேல ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். எக்ஸ்ரே, சிடி எடுக்குற ரேடியோகிராபி கோர்ஸ் வேற, இது வேற, சேர்ற எடத்துல கேட்டு சேருங்க. 2021ல எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு மத்திய சட்டம் ஒண்ணு வந்துச்சு, சம்பளம் அதுக்கு ஏத்த மாதிரி ஏறல, கான்ட்ராக்ட்லயே பல வருஷம் ஓட்டுறவங்க இருக்காங்க, அதப் பத்தி ஆரம்பிச்சா இது முடியாது.

அந்தக் காலத்துல எங்க ஊர்ல ஒருத்தர "அடையாறுக்கு கூட்டிட்டு போயிருக்காங்க"ன்னா குரல தாழ்த்திதான் சொல்லுவாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல சென்னை அடையாறுல ஆரம்பிச்ச அந்த கேன்சர் ஆஸ்பத்திரி பேரே வியாதி பேரு மாதிரி ஆயிருந்துச்சு. இப்ப மாவட்டத்துலயே வைக்க முடியுது. கடைசி நாள் முடிச்சுட்டு போறவங்க வாழத்தார் கொண்டு வருவாங்க, சில பேரு அந்த மாஸ்க்க வீட்டுக்கு கேட்டு வாங்கிட்டு போவாங்க, சில பேரு அத பாக்கவே மாட்டேன்னு திரும்பிக்குவாங்க.

நேத்து சாயங்காலம் லிஸ்ட் முடிஞ்சு பாத்தா ரெண்டு பேரு வரல. ஒருத்தருக்கு மகளுக்கு பிரசவம், நாளைக்கு வந்துருவேன்னாரு. இன்னொருத்தர் போன எடுக்கல, நாலாவது தடவ அவரு சம்சாரம் எடுத்தாங்க, "வலி நல்லா கொறஞ்சுட்டும்மா, அதான் போதும்னு இருந்துட்டாரு." 35ல 19தான் ஆயிருக்கு. வலி கொறஞ்சா கட்டி போயிட்டுன்னு அர்த்தம் இல்லம்மான்னு சொல்லி, அவர்கிட்ட போன குடுக்கச் சொன்னேன். பேச மாட்டேன்னு சைகை காட்டுறாராம். சரி, ஸ்பீக்கர்ல போடுங்கன்னு சொன்னேன். "ஐயா, உங்க மாஸ்க் இங்க ஆணில தொங்குது, அது வேற யாருக்கும் பொருந்தாது." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் காலைல முதல் பஸ் எத்தன மணிக்குன்னு சம்சாரத்துகிட்ட கேக்குறது கேட்டுச்சு. 9 மணி எடத்துல அவரு பேர எழுதி வச்சுட்டு கிளம்புனேன்.